நீங்களே படிங்க, ஏட்டய்யா

என் அக்காள் ஜெபமாலையம்மாளைக் கட்டிய அடைக்கலசாமி மச்சானை நல்லவர் என்று ஊரே சொல்கிறது. சொல்கிறவர்கள் யாரும் அவரோடு லாரியில் திருச்சி மார்க்கெட் வரை போய்வந்தவர்கள் இல்லை. ஈ காக்கை இல்லாத ரோட்டிலும் சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இருக்கிறவனுக்குத்தான் பொறுமை போகும்.

மச்சானுக்குச் சொந்த ஊர் ஆவூர். கீரனூர் ஆத்மநாதனுடைய லாரியைப் பல வருஷமாக ஓட்டுகிறார். திருச்சியிலிருந்து காய்கறி ஏற்றிப் புதுக்கோட்டையில் இறக்குவது அவர் வேலை. இத்தனை வருஷத்தில் அவர் பேரில் ஒரு கேஸ் கிடையாது. மாத்தூர் பக்கம் ரோட்டோரத்தில் என் பஞ்சர் கடை. போகும்போதும் வரும்போதும் வண்டியை ஓரங்கட்டி என்னோடு ஒரு டீ குடிப்பார்.

கொரோனா வந்து ஊரடங்கு போட்ட 2020 ஏப்ரலில் அவருடைய லைசென்ஸ் முடிந்துபோனது. புதுப்பிக்கிற ஆபீஸோ பூட்டிக் கிடக்கிறது. அன்றைக்குக் காலையில் தக்காளி லோடோடு வந்தவர், என் கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியை என்னிடம் நீட்டினார்.

"இந்தா மாப்ள. இதுக்கு மேல ஓட்டுனா குத்தம். ஆத்மநாதன்கிட்ட போன் போட்டு வேற ஆளு அனுப்பச் சொல்லு."

"மச்சான், கொரோனா முடியிற வரைக்கும் பழைய லைசென்சே செல்லும்னு கவர்மெண்டு சொல்லிருச்சு. இந்தா, போன்ல வந்திருக்கு பாருங்க."

"போன்ல வர்றதை நம்பித்தான் ஊரே கண்ட எலையை அரைச்சுக் குடிக்குது. எனக்குப் பேப்பர்ல வேணும்."

தக்காளி வெயிலில் வியர்த்துக்கொண்டிருந்தது. எனக்கும்தான். பாதி ஷட்டரைத் தூக்கிவைத்திருந்த ஜெராக்ஸ் கடைக்காரனைக் கெஞ்சி, அந்த அறிவிப்பைத் தமிழில் பிரிண்ட் எடுத்து, கிழியக் கூடாதென்று லேமினேஷனும் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்க்கவில்லை. "படி மாப்ள" என்றார். நான் படித்தேன். முழுசாகக் கேட்டபிறகுதான் அதை வாங்கி, வண்டியில் மாதா படத்துக்குப் பின்னால் செருகிவிட்டுக் கிளம்பினார்.

அப்போது நார்த்தாமலைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு செக்போஸ்ட் போட்டிருந்தார்கள். அங்கே ஏட்டு செல்லமுத்து. காய்கறி வண்டி என்றால் தூரத்திலேயே போ போ என்று கையை ஆட்டிவிடுவார். மச்சான் போக மாட்டார். வண்டியை நிறுத்தி, முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு இறங்கி, அந்த அட்டையை நீட்டுவார்.

"என் லைசென்ஸ் முடிஞ்சுபோச்சு ஏட்டய்யா. ஆனா செல்லும். நீங்களே படிங்க."

"நான் கேக்கவே இல்லையே, போங்க."

"படிச்சுட்டா எனக்கு ஒரு திருப்தி."

பின்னால் நிற்கிற வண்டிக்காரர்கள் ஹாரனை அழுத்துவார்கள். செல்லமுத்து தலையில் அடித்துக்கொண்டு சத்தமாகப் படிப்பார். நாலைந்து நடைக்குள் அவருக்கு அது மனப்பாடமாகிவிட்டது.

சலுகையை அரசாங்கம் நீட்டிக்கொண்டே போனது. ஜூன் வரை என்றார்கள், பிறகு செப்டம்பர், பிறகு டிசம்பர். அடுத்த வருஷமும் நீட்டினார்கள். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் மச்சான் ஒரு புது அட்டை போட்டார். மாதாவுக்குப் பின்னால் ஒரு கட்டே சேர்ந்துவிட்டது. ஆபீஸ் திறந்ததும் மற்ற டிரைவர்கள் போய்ப் புதுப்பித்துக்கொண்டார்கள். இவர் மட்டும் அசையவில்லை. கேட்டால், "கவர்மெண்டே டைம் குடுத்திருக்கு, நாம ஏன் முண்டியடிக்கணும்" என்பார்.

எனக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான். கல்யாணத்துக்கு முதல் நாளே போய்ப் பந்தலில் உட்காருகிற மனுஷன் இப்படிப் பேசினால் யாருக்குத்தான் வராது?

ஒரு நாள் என் கடையில் டீ குடிக்கும்போது அவர் மகள் ஃபெமினாவிடமிருந்து போனில் மெசேஜ் வந்தது. மச்சான் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், கையை முழுசாக நீட்டிப் பார்த்தார், பிறகு என்னிடம் தந்து "படி மாப்ள" என்றார். எனக்குப் பொறி தட்டியது. ஏட்டய்யாவைப் படிக்கச் சொன்னதும், என்னைப் படிக்கச் சொன்னதும் திருப்திக்காக இல்லை.

"எத்தனை நாளா மச்சான் இப்படி?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "கண்ணு போயிருச்சு மாப்ள. ஒங்க அக்காகிட்டகூடச் சொல்லல. புதுப்பிக்கணும்னா டாக்டர் கண்ணைப் பாத்துக் கையெழுத்துப் போடணும். எழுத்துப் படிக்கத் தெரியலைன்னா லைசென்சை வெட்டிப்புடுவாங்கன்னு லாரி ஸ்டாண்டுல பேசிக்கிறாங்க."

"அது வெள்ளெழுத்து மச்சான். ஒங்க வயசுல எல்லாருக்கும் வரும். எனக்கே வந்து கண்ணாடி போட்டுட்டேன்."

"நீ பஞ்சர் ஒட்டுறவன். ட்யூப் ஓட்டையைப் பாக்க எவன் ஒங்கிட்ட சர்டிபிகேட் கேக்குறான்?"

"முந்தாநாளு நார்த்தாமலை மேல ஆடு மேயுறதைப் பாத்து, அதுல ஒண்ணு நொண்டுதுன்னு சொன்னது யாரு?"

"அது மலை மாப்ள. மலை பெருசு, எழுத்து சிறுசு."

சிரிக்கலாம் என்று பார்த்தால் அவர் முகம் விடவில்லை. அந்த அக்டோபரோடு சலுகை முடிகிறது. இனி நீட்டிப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆத்மநாதனும், "புது கார்டு வரலைன்னா சாவியை வேற ஆளுகிட்டதான் குடுக்கணும், எனக்கும் வேற வழியில்லை" என்று சொல்லியிருந்தார்.

"ஸ்டியரிங்கை வாங்கிட்டா நான் என்னடா செய்வேன்?" என்று மச்சான் கேட்டார். அவரை நான் கிண்டல் பண்ணுவேன், சண்டை பிடிப்பேன். ஆனால் அந்த லாரி இல்லாத அடைக்கலசாமியை எனக்கு நினைத்துப் பார்க்க முடியவில்லை.

டாக்டரிடம் போகிற வாரம் மச்சான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்ப் பாஸ்கா நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். ஈஸ்டரை ஒட்டி இயேசுவின் பாடுகளை மேடையில் நடிப்பார்கள். அதில் இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்கிற பிலாத்து வேஷம் வருஷா வருஷம் மச்சானுக்குத்தான். ஒத்திகையில் ஒருவர் வசனத்தைப் படிக்கப் படிக்க, நடிக்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொல்லிப் பாடம் ஏற்றுவார். கண்ணைத் திறந்துவைத்திருந்தால் பராக்குப் பார்ப்பான், வசனம் மண்டையில் ஏறாது என்பது எங்கள் ஆட்கள் கண்ட சாஸ்திரம். மச்சானுக்கு மேடையிலும் அதே பழக்கம். நீளமான தீர்ப்பு வசனம் வந்தால் பிலாத்து கண்ணை மூடிக்கொள்வார். கொரோனாவால் நாடகம் நின்றுபோய் அவரும் கை அரித்துக் கிடந்தார்.

அக்காளைத் தடுப்பூசிக்குக் கூட்டிப்போனபோது ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த, கண் சோதிக்கிற எழுத்துப் பலகையை யாருக்கும் தெரியாமல் போனில் படம் பிடித்திருக்கிறார். அதைப் பெரிசாக்கிப் பெரிசாக்கி எழுத்தெழுத்தாகப் பாடம் ஏற்றிவிட்டார். என் கடை முன்னால் நின்று பிலாத்துவின் குரலில் ஒப்பித்தும் காட்டினார். "ஈ! எஃப், பி! டி, ஓ, இஸட்!" டியூப் மாற்ற வந்தவர் பஸ் ஏறிப் போய்விடலாமா என்று யோசித்தார்.

"வேண்டாம் மச்சான், மாட்டுவீங்க" என்றேன். கேட்டால்தானே.

அதே ஆஸ்பத்திரிக்கு அக்காளும் நானும் கூடவே போனோம். விஷயத்தை வழியில்தான் அக்காளிடம் சொன்னேன். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

டாக்டரம்மா சின்ன வயசு. மச்சானைத் தூரத்தில் ஸ்டூலில் உட்காரவைத்து, "எடது கண்ணை மூடிக்கங்க" என்று சொல்லிவிட்டுக் குச்சியை எடுக்கத் திரும்பினார். மச்சான் கையால் இடது கண்ணைப் பொத்தினார். மோவாயை நிமிர்த்தினார். மடமடவென்று மேல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒரே மூச்சில் முழங்கி முடித்தார். வராண்டாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா குச்சியோடு அப்படியே நின்றார். "எடது கண்ணைத்தானே மூடச் சொன்னேன். நீங்க ரெண்டையும் மூடிக்கிட்டுல்ல படிச்சீங்க?"

அக்காள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பாடம் சொல்லும்போது கண் மூடுகிற பழக்கம் இப்படி வந்து காலை வாரும் என்று அவர் நினைக்கவே இல்லை. டாக்டரம்மா முகக்கவசம் நழுவுகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு பலகையைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டினார். அந்தப் பக்கம் தமிழ் எழுத்துகள்.

"இப்பக் கண்ணைத் தொறந்து பாருங்கய்யா. தெரிஞ்சதைச் சொல்லுங்க, போதும்."

மச்சான் இடது கண்ணை மட்டும் பொத்திக்கொண்டார். பயந்து பயந்து மேல் வரியைச் சொன்னார். அடுத்த வரியைச் சொன்னார். குரல் கொஞ்சம் தெளிந்தது. கண்ணை மாற்றிப் பொத்தினார். கடைசி வரியும் முடிந்ததும், "கீழ ஓரத்துல சிவகாசின்னு அச்சடிச்ச ஊரு போட்டிருக்கு. அதையும் படிக்கணுங்களா?" என்று கேட்டார்.

"அது அங்கிருந்து பாத்தா எனக்கே தெரியாது" என்றார் டாக்டரம்மா. "தூரப் பார்வை பிரமாதமா இருக்கு. வண்டி ஓட்ட ஒரு தடையும் இல்லை. பேப்பர், போன் படிக்க மட்டும் கண்ணாடி போட்டுக்கங்க. ஓட்டும்போது அது வேண்டாம்." அங்கேயே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் வந்து மச்சான் உட்கார்ந்தார். அழுதார். சந்தோஷம்தான், ஆனாலும் அழுதார். அக்காள் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டி, "எங்கிட்டச் சொல்லியிருந்தா அன்னைக்கே தீந்திருக்கும்ல" என்றாள்.

"ஒன்றரை வருஷமா கவர்மெண்டு என்னை நம்பி ஓட்டுன்னு விட்டுச்சு ஜெபமாலை. நாந்தான் என்னை நம்பல."

புது லைசென்ஸ் தபாலில் வந்த மறுநாள் நானும் அவரோடு வண்டியில் போனேன். நார்த்தாமலைக்கு முன்னால் செல்லமுத்து ஏட்டு வேறு ஏதோ டூட்டியில் ரோட்டோரமாக நின்றார். இப்போது யாரும் யாரையும் நிறுத்துவதில்லை. மச்சான் நிறுத்தினார்.

அவர் இறங்குவதைப் பார்த்ததுமே செல்லமுத்து பெருமூச்சு விட்டார். கையை நீட்டாமலே, "பிப்ரவரி முதல் தேதிக்குப் பிறகு காலாவதியான ஓட்டுநர் உரிமங்கள்..." என்று ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டார்.

"இருங்க ஏட்டய்யா." மச்சான் சட்டைப்பையிலிருந்து புதுக் கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டினார். கார்டைக் கிட்டத்தில் பிடித்தார். "இவ்வளவு நாளு நீங்க படிச்சீங்க. இன்னைக்கு நான் படிக்கிறேன்."

பின்னால் ஒரு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தது. மச்சான் அவசரப்படவில்லை. தன் பெயர், தன் அப்பா பெயர், எந்த ஊர், எது வரை செல்லும் என்று, பிலாத்துவின் குரலை விட்டுவிட்டு, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாகக் கண்ணைத் திறந்து பார்த்துப் படித்தார். செல்லமுத்து கடைசி வரைக்கும் நின்று கேட்டார்.