மூன்று கட்டங்களின் வரிசை

ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்காக நான் செய்த முதல் மென்பொருள் அது. இரும்பு வளையங்களை அளந்து, அளவுகளைக் கணினியில் அடிக்க வேண்டும். சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு. அளவுகளை அடிக்கும் டயலாக் பாக்ஸை மட்டும் இரண்டு நாள் செதுக்கினேன். மூன்று கட்டங்கள்: நீளம், உள்விட்டம், வெளிவிட்டம். ஏன் அந்த வரிசை? சொற்கள் சின்னதிலிருந்து பெரிதாக, படிக்கட்டு மாதிரி அழகாக இறங்கின. அவ்வளவுதான் காரணம். வேலைக்குச் சேர்ந்து நான்கே மாதம். அழகென்றால் உயிரை விடுவேன்.

ஓட ஆரம்பித்த முதல் நாளே போன் வந்தது. போய்ப் பார்த்தால் ஒரு ட்ரே வளையம் முழுக்கச் சிவப்பு. அளவுகளை அடிக்கும் அக்கா, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு வருடம் பேக்கிங்கில் நின்றே வேலை பார்த்துவிட்டு, போன மாதம்தான் இந்த நாற்காலிக்கு வந்தவர்.

"திங்கக்கிழமையிலேர்ந்து நீ மறுபடி பேக்கிங் போயிடும்மா," என்றார் சூப்பர்வைசர். "கம்ப்யூட்டரா தப்பு பண்ணும்?"

"இதுக்கு முன்ன எக்ஸெல்ல அடிச்ச மாதிரியேதான் அடிக்கேன் சார்."

"ஸ்க்ரீன்ல தெளிவாத்தானேக்கா போட்டிருக்கேன்?" என்றேன் நான், வெட்கமே இல்லாமல்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்ஜினியரம்மா, வாங்க. நீங்களே உக்காந்து அடிங்க."

உட்கார்ந்தேன். எதிரே வளையங்களை அளப்பவர் பக்கத்து ஊரான உத்தனப்பள்ளியிலிருந்து வரும் அக்கா. வெர்னியர் அளவுகோலில் முதலில் வெளிப்பக்கம், அடுத்து துளை, பிறகு திருப்பி நீளம். கை போகிற போக்கிலேயே எண்களும் வந்தன, கன்னடத்தில்: "நலவத்தெரடு! மூவத்து! ஹன்னெரடு!" நாற்பத்திரண்டு, முப்பது, பன்னிரண்டு என்று நான் மனத்துக்குள் மாற்றுவதற்குள் வளையம் என் இடதுகைக்கு வந்துவிட்டது.

"என்ன கண்ணு, ஊசில நூல் கோக்கறியா?" என்றார் அவர்.

"ஸ்க்ரீனப் பாக்காதீங்க, ட்ரேயப் பாருங்க," என்றார் திருநெல்வேலி அக்கா. "அடுத்தது வந்துரும்."

இடதுகை ட்ரேயில், வலதுகை எண்ணிலும், அடுத்த கட்டத்துக்குத் தாவும் டேப் கீயிலும். ஐந்து வளையம் அடித்தேன். ஐந்தும் சிவப்பு. வெளிவிட்டம் போய் நீளத்தில் உட்கார்ந்திருந்தது, நீளம் வெளிவிட்டத்தில். நடுவிலிருந்த உள்விட்டம் மட்டும் எப்படியோ தப்பியது.

"சார், இவங்களையும் பேக்கிங் அனுப்பிடலாமா?" என்று கேட்டார் உத்தனப்பள்ளி அக்கா.

காது சூடேற, சூப்பர்வைசரிடம் சொன்னேன்: "அவங்க தப்பில்ல சார், என் தப்பு. இவங்க எப்படி அளக்கறாங்கன்னு பாக்காமலே கட்டத்த வரிசைப்படுத்திட்டேன்."

அங்கேயே லேப்டாப்பைத் திறந்து படிக்கட்டைத் தலைகீழாக்கினேன். பத்து நிமிட வேலை. அதே ட்ரேயை மறுபடி அளந்தோம். பச்சை, பச்சை, பச்சை. இடையில் ஒரே ஒரு சிவப்பு. சூப்பர்வைசர் அந்த வளையத்தை வாங்கித் தானே அளந்து பார்த்தார். நிஜமாகவே துளை பெரிது.

"சரி, பேக்கிங்குக்கு வேற ஆள் பாக்கறேன்," என்று நகர்ந்தார்.

நான் குஷியில் அடித்துக்கொண்டே இருந்தேன். திருநெல்வேலி அக்கா என் தோளைத் தட்டினார்.

"போதும், எந்திரிங்க. அது என் சீட்டு."