லயத்துக்கு ஒரு கால்

நுவரெலியாவை ஒட்டிய தேயிலைத் தோட்டத்தில், பெரிய ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குப் படி இறங்கும் இடத்தில் ஒரு தகரம் நிற்கிறது. 'கீழ்ப்பிரிவு, 7ஆம் இலக்க லயம்' என்று நீலப் பெயின்டில் நான்தான் எழுதினேன். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளைத் தோட்டத்தில் லயம் என்போம். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து என்றாலும் தூரத்தில் வரும் வாகனத்துக்குத் தெரியும். எழுதிய மூன்றாம் நாளே 'ல'வுக்கும் 'ய'வுக்கும் நடுவில் கரியால் ஒரு கால் இழுத்து, மேலே 'குதிரை' என்று நெருக்கிப் போட்டு, லயத்தைக் குதிரை லாயம் ஆக்கிவிட்டார் என் மாமனார். துடைத்தேன். மறுநாளும் இருந்தது. மறுபடி துடைத்தேன். அதற்கப்புறம் எங்கிருந்தோ தார் எடுத்துவந்து எழுதினார். தாரை என்ன செய்வது?

மாமனார் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா துரையின் குதிரைக்காரர். துரைமார் ஜீப்புக்கு மாறியதும் அந்த லாயத்தை மண்சுவரால் தடுத்து குடும்பத்துக்கு ஓர் அறையாக ஆறு காம்பரா ஆக்கினார்கள். அதில் ஒன்றில்தான் நாங்கள் இருக்கிறோம். குதிரை போய் ஒரு மனித ஆயுசு ஆகிறது, பெயரை மட்டும் அவர் விடவில்லை. அவர் வழி சொன்னால் எவனும் வீடு போய்ச் சேரமாட்டான். ஆயிலெஞ்சின் மேடு என்பார், அங்கே எஞ்சின் இல்லை. ரொட்டிக்கடை முடக்கு என்பார், அந்த ரோட்டு வளைவில் கடை இருந்த இடத்தில் இப்போது கரட் கிழங்குப் பாத்தி. மனிதர் குடியிருக்கும் இடத்துக்கு லாயம் என்று பெயரா என்று எனக்கு வெட்கமாகவும் இருக்கும். "லாயத்துல ஒரு கால் போனாத்தான் மாப்பிள்ளை லயம். நொண்டிப் பேரை நான் சொல்லமாட்டேன்" என்று சிரிப்பார்.

எனக்குச் சிரிப்பு நின்றது தகரத்துக்கும் முந்தைய ஒரு மழைக்கால மத்தியானத்தில். நான் தேயிலை ஆலையான ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலையாக இருந்தேன். வீட்டில் மனைவிக்கு நாள் ஆகுமுன்பே வலி கண்டுவிட்டது. மாமனார்தான் பக்கத்தில். ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். வரும் வழியில் டிரைவர் திரும்ப அழைத்து இடம் கேட்டிருக்கிறார், சிங்களத்தில். மாமனாருக்குத் தம் சிங்களத்தில் பெரிய பெருமை. "அஸ்பயோ இன்ன தென" என்றாராம். குதிரைகள் இருக்கும் இடம். அந்த மனிதர் என்ன செய்வார் பாவம்? நுவரெலியாவில் குதிரை இருக்கும் இடம் எது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நேரே ரேஸ் திடலுக்குப் போய், குதிரைகள் கட்டும் கொட்டகைக்கு முன்னால் நின்றுகொண்டு, "வந்துட்டோம், நோயாளி எங்கே?" என்று கேட்டிருக்கிறார்.

ஆள் வந்து சொல்லி நான் ஓடிவந்தபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொழுந்து லொறியை மறித்து, சாக்குகளை விரித்து ஏற்றினோம். ரொட்டிக்கடை முடக்கு தாண்டும்போது குழந்தை பிறந்தது. பக்கத்துக் காம்பரா அக்காதான் கையில் ஏந்தினார். பெண். நீலம் பாரித்துக் கிடந்தது, அழவில்லை. மாரியம்மா, வெள்ளி தவறாமல் உனக்கு விளக்குப் போடுகிறேனே, அது எதற்கு என்று நினைத்தாய் என்று நான் சண்டை போட்டேன்; வேண்டினேன் என்று சொன்னால் பொய். அக்கா காலைப் பிடித்துத் தூக்கி முதுகில் தட்டியபின் அழுதது.

மறுநாள் கேட்டேன். "ஏன் மாமா, 'இருந்த இடம்'னு சொல்ல வாய் வரலியா? 'இருக்கிற இடம்'னா அந்தாளு எங்க போவான்?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "எனக்கு இருக்குல்ல மாப்பிள்ளை" என்றார்.

அன்றோடு அவரிடம் பேச்சை விட்டேன். விட்டது ஆறு மாதம். பெயின்ட் வாங்கித் தகரம் எழுதியது அந்தக் கோபத்தில்தான். அவரோ தார் பூசிவிட்டு, ஒன்றும் நடக்காதவர் போலத் தொட்டில் பக்கம் உட்கார்ந்து, தம் அப்பா பார்த்துக்கொண்ட துரையின் குதிரை கதையைக் குழந்தையிடம் சொல்வார். எனக்கும் கேட்கட்டும் என்றே உரக்கச் சொல்வார்.

போன கார்த்திகையில் அவர் போய்விட்டார். சாவுக்கு வலப்பனையிலிருந்து வேனில் வந்த கிழவர்கள் இறங்கியதும் இறங்காததுமாக, "லாயம்னு போட்டிருந்துச்சு, அதான் கண்டுபிடிச்சோம். ஏழாம் இலக்கம்னா எவனுக்குத் தெரியும்?" என்றார்கள். அழுதுகொண்டிருந்த எனக்கு அப்போதும் எரிச்சல் வந்தது. சாமி என்னை மன்னிக்கட்டும்.

லொறியில் பிறந்தவள் இப்போது முதலாம் வகுப்பு. நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தகரத்தின் முன்னால் நின்று எழுத்துக் கூட்டினாள். கு, தி, ரை. "அப்பா, இங்க குதிரை இருக்கா?"

"இருந்துச்சு" என்றேன். "இருக்குன்னு எவன்கிட்டயும் சொல்லக்கூடாது. இருந்துச்சு. எங்க, சொல்லு."

"இருந்துச்சு" என்றாள். இரண்டு படி இறங்கினாள். "என்ன நெறம்?"

நான் அதைக் கண்டவனா? ஆனால் வாய் தானாகச் சொன்னது. "செவலை. நெத்தியில வெள்ளைப் பொட்டு இருக்கு. மழை வரப்போனா காதை மடக்கும்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இருந்துச்சுப்பா" என்றாள்.