மூட்டை என்று கூப்பிட ஒருவர்

பட்டாளத்தில் அவருக்கு வைத்த பெயர் மூட்டை. ஆள் குள்ளம், அதனால் வந்த பெயர் என்று நினைத்தால் பாதிதான் சரி. மீதிப் பாதியை நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்டேன்.

பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்த பிறகுதான் அவரைப் பார்த்துக்கொள்ள நான் அந்த வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் கழிவுக் குழாய்கள். மனைவி இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மகன் வேறு ஊரில் இருந்தான். போன் செய்தால் "அப்பா சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா" என்று கேட்பான். இரண்டுக்கும் ஆச்சு என்றால் பேச்சும் ஆச்சு. என்னை அவர் சிஸ்டர் என்றார், நான் அவரை ஐயா என்றேன். அந்தத் தெருவில் அவருக்குப் பெயரே கிடையாது. மாடிக் கிழவர், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையிலேயே சவரம் செய்துவிடச் சொல்லி நச்சரிப்பார். ஒட்டகம் என்று அவர் கூப்பிடும் நண்பர் வருகிற நாள். ஒரே பட்டாளத்தில் ஒரே கொட்டகையில் கிடந்தவர், தென்னை உயரம். பஸ் பிடித்து, மூச்சு வாங்க மாடியேறி, வாசலில் காலைத் தரையில் ஓங்கி அடித்து சல்யூட் வைப்பார்.

"டேய் மூட்டை! மேலதிகாரி வந்திருக்கேன், எழுந்து நில்லுடா!"

"நீ முதல்ல குனிஞ்சு வா. நிலைப்படி இடிச்சா சிஸ்டர்தான் கட்டுப் போடணும்."

அப்புறம் அந்தக் கதை. ஒரு ஞாயிறு மூன்று நண்பர்கள் ஊருக்குள் சினிமாவுக்குப் போகத் திட்டம் போட்டார்கள். மூன்றாமவர் சமையல்காரர், இடக்கைக்காரர், அதனால் நொட்டாங்கை என்று பெயர். பூட்ஸ் அழுக்காக இருந்ததென்று ஐயாவுக்கு மட்டும் வெளியே போக அனுமதி ரத்தாகிவிட்டது. மற்ற இருவரும் அவரைச் சலவைத் துணிகளோடு போர்வையில் சுற்றி, கயிறு கட்டி, தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். வாசல் காவலாளி "இறக்கு, மூச்சு வாங்குது பாரு" என்று கரிசனமாகச் சொல்லி, அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்துவிட்டான்.

சண்டை எப்போதும் இந்த இடத்தில்தான் வரும்.

"இவன் உள்ள இருந்து தும்மிட்டான் சிஸ்டர். நான் சட்டுனு என் மூக்கப் பிடிச்சுக்கிட்டு நாலு தும்மல் போட்டேன். இல்லைன்னா மூணு பேரும் உள்ள."

"பொய்! நான் தும்மவே இல்ல. மூச்சே விடல."

"மூச்சு விடாம எப்படிடா இன்னும் உயிரோட இருக்கே?"

"உன்னை மாதிரி பொய் சொல்றவனைப் பார்த்துட்டுப் போகலாம்னுதான்."

இதைக் கேட்டுக்கொண்டே நான் படுக்கை விரிப்பை மாற்றிவிடுவேன். மற்ற ஆறு நாள் தூக்கவே மறுக்கும் வலது தோளை, இந்தச் சண்டையில் அவர் தானாகவே அசைப்பார். வைத்தியமாக எனக்கு அது போதும்.

நொட்டாங்கை இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அடக்கத்துக்கு இருவரும் சேர்ந்துதான் போயிருக்கிறார்கள்.

பிறகு ஒட்டகம் கதையில் இடறத் தொடங்கினார். சினிமாவை முன்னால் சொல்வார், வாசலைப் பின்னால் சொல்வார். இரண்டு முறை தன் பஸ்ஸைவிட்டு வேறு பஸ்ஸில் ஏறி எங்கோ போயிருக்கிறார். இந்த வியாதியின் நடையை நான் நிறைய வீடுகளில் பார்த்தவள். ஐயாவிடம் சொன்னேன். "அவனுக்கு எப்பவும் மூளை கம்மிதான்" என்று பேச்சை வெட்டிவிட்டார்.

சில ஞாயிறுகள் ஒட்டகம் வரவில்லை. வந்தபோது மகள் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். வாசலில் காலை அடிக்கவில்லை, நிலைப்படியில் இடித்துக்கொண்டார். ஐயா இடது கையால் தேநீர் டம்ளரைப் பிடித்திருந்தார், வேறு கை ஏது அவருக்கு. ஒட்டகம் அந்தக் கையையே பார்த்தார். முகம் மலர்ந்தது.

"டேய் நொட்டாங்கை! நீ இங்கதான் இருக்கியா?"

"ஏய், நான்தான்டா."

"நீதான், தெரியுதே. நம்ம மூட்டைதான் பாவம் போயிட்டான்."

ஐயா டம்ளரை வைத்தார். "நான்தான்டா மூட்டை. கண்ணைத் தொறந்து பாரு."

ஒட்டகம் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "செத்தவன் பேரை வச்சு விளையாடாதடா. மண்ணு போட்டது நானு." எழுந்துவிட்டார். மகள், "அப்பா, இது மாமாதாம்ப்பா" என்று இழுக்க, அவர் அவளையும் யாரோ போலப் பார்த்து, "வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்" என்று கூச்சலிட்டார். படி இறங்கும்வரை சத்தம் கேட்டது.

அந்த வாரம் ஐயா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பயிற்சிக்குக் கையைக் கொடுக்கவில்லை. அழவுமில்லை. குழாய்களையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வெள்ளிக்கிழமை ஒட்டகத்தின் மகள் எனக்குப் போன் செய்தாள்.

"அப்பா தினமும் கேக்கறார்மா. நொட்டாங்கை மாமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு. மூட்டைன்னு யாராவது சொன்னா அழறார். என்ன செய்யட்டும்?"

போனைக் கையால் மூடி, ஐயாவிடம் அப்படியே சொன்னேன். என் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது, மறதிக்காரரைத் திருத்தாதே, அவர் இருக்கும் இடத்துக்கு நீ போ என்பது. ஆனால் என் நோயாளி அவரில்லை, இவர்.

"உங்க இஷ்டம்தான் ஐயா. வரட்டும்னா நீங்க நொட்டாங்கை. இல்லைன்னா வேண்டாம்."

"நான் நொட்டாங்கையா இருந்தா, மூட்டை யாரு?"

"யாரும் இல்ல."

பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

"வரச் சொல்லு. சவரக் கத்தியை எடு."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை ஐயா."

"நாளன்னிக்கு எடு."

ஞாயிற்றுக்கிழமை ஒட்டகம் சந்தோஷமாக வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கதையைத் தொடங்கினார், முன்பைவிடச் சுத்தமாகவே சொன்னார். காவலாளி உட்கார்ந்தான், சிகரெட் பற்றவைத்தான், மூட்டை தும்மினான். ஐயா வாயைத் திறந்தார். பிறகு, "ஆமாம், தும்மினான். நானும் கேட்டேன்" என்றார். ஒட்டகம் தொடையில் தட்டிச் சிரித்தார். சண்டை இல்லாததால் கதை சீக்கிரமே முடிந்துவிட்டது. நான் விரிப்பைப் பாதிதான் மாற்றியிருந்தேன்.

கிளம்பும்போது ஒட்டகம் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசில அவன் ஏதோ ஒரு மாடியில தனியாக் கிடந்தானாம்டா. ஒரு தடவையாவது போய்ப் பார்த்திருக்கணும் நாம."

"நீ போனே" என்றார் ஐயா. "வாராவாரம் போனே. எனக்குத் தெரியும்."

"போனேனா?"

"போனே."

ஒட்டகம் தலையாட்டிவிட்டு, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் கதவைச் சாத்தினேன். ஐயா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, போர்வையைத் தலை மூடும்வரை இழுத்துவிடச் சொன்னார். இழுத்துவிட்டேன்.