வாப்பா லைனில் இருந்த நேரம்

போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், தேங்காய்ப்பட்டணத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு அன்று வீட்டுப்பாடம், 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லை வெவ்வேறு அர்த்தத்தில் வைத்து வாக்கியங்கள் எழுதுவது. நோட்டில் போடும் கோடு, ரேஷன் கடை வரிசை, பாட்டின் ஒரு வரி, தூண்டில் நரம்பு என்று எழுதிக்கொண்டே போனவள் முற்றத்தைப் பார்த்தாள்.

"உம்மா, துணி காயப்போடுத கம்பியும் லைன்தானே?"

"எல்லாமே லைன்தான் மக்கா. இங்கிலீஷ்காரனுக்கு வேற வார்த்தை கிடைக்கல்ல போல."

அந்தக் கம்பி என் கணவர் கட்டியது. கடல்காற்றில் கயிறு சீக்கிரம் இற்றுப்போகிறது என்று, போன லீவில் வளைகுடாவிலிருந்து வந்தபோது கட்டினார். ஒரு முனை தென்னைமரத்தில், மறுமுனை வீட்டுக்குக் கரண்ட் வரும் இரும்புக் குழாயில். எங்கள் தெருவில் பல வீடுகளில் அப்படித்தான் இருக்கிறது.

திடீரென்று காற்றோடு மழை பிடித்தது. கம்பியில் கிடந்த யூனிஃபார்ம் நனைகிறதே என்று மகள் வெளியே ஓடினாள். படி இறங்குவதற்குள் போன் அடித்தது. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பிட்டுவிட்டு அந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவார். யார் முதலில் பேசுவது என்று எனக்கும் மகளுக்கும் எப்போதும் போட்டி.

"வாப்பா லைன்ல இருக்காரு. நான்தான் முதல்ல பேசுவேன்" என்று சீண்டினேன். துணியை மறந்து ஓடிவந்து போனைப் பிடுங்கினாள்.

ஸலாம் சொல்லி முடிக்கவில்லை. தென்னை மட்டை ஒன்று, கம்பத்திலிருந்து வீட்டுக்குக் கரண்ட் வரும் சர்வீஸ் வயர்மேல் விழுந்தது. அறுந்த வயர் துணிக்கம்பியில் சரிந்து பொறி பறந்தது.

"ஏட்டி, பிள்ளைய வெளிய விடாத. கம்பியில கரண்டு" என்று பக்கத்து வீட்டு மைனி கத்தினாள்.

மின்வாரிய ஆள் வந்து இணைப்பைத் துண்டிக்கும்வரை மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தேன். "விடு உம்மா, மூச்சு முட்டுது" என்றாள். விடவில்லை.

அந்தக் களேபரத்தில் போன் கட்டாகியிருந்தது. அவர் திரும்பக் கூப்பிட்டபோது, கம்பியை அங்கே கட்டியதற்கு ஏசத்தான் போனை எடுத்தேன். நடந்ததைச் சொன்னதும், "பிள்ள எங்க நிக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"என் மடியில."

அல்ஹம்துலில்லாஹ் என்றார். குரல் உடைந்திருந்தது. எனக்கு ஏச மனம் வரவில்லை.

மறுநாளே இரண்டு தென்னைகளுக்கு நடுவே நைலான் கயிறு கட்டினோம். இற்றுப்போனால் போகட்டும், வேறு கட்டிக்கொள்ளலாம். இன்றும் யாராவது 'லைன்' என்றால், எந்த லைன் என்று யோசிக்கும் முன் அவர் கேட்ட அந்தக் கேள்விதான் எனக்குள் எழுகிறது. மகள் நிற்கும் இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.