தேயாத பிரஷ்

நான் செய்கிற சட்டி தேய்க்கும் பிரஷ் லேசில் தேயாது. தேங்காய் மட்டைத் தும்பைக் கம்பிக்குள் வைத்து, கை வலிக்க வலிக்க முறுக்கி இறுக்குவேன். மாத்தளையில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில்தான் வேலை. முறுக்குவது நான், தும்பைச் சீராக நறுக்குவது என் மனைவி. ஒரு இழை உருவி வந்தாலும் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

அந்தக் கர்வத்தை நாவுலையில் ஒரு கடைக்கார அம்மா உடைத்தார். என் பிரஷ் வாங்கியவர்கள் மறுபடி வருவதே இல்லையாம். மாசத்தில் பிய்ந்து போகிற பிளாஸ்டிக் சாமானுக்குத்தான் ஆள் வருகிறதாம். அதோடு ஓடரை நிறுத்திவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில், கூட வந்திருந்த மனைவி ஒரு யோசனை சொன்னாள். மரக் கைப்பிடி அப்படியே இருக்கட்டும், தும்பு முனையை மட்டும் கழற்றி மாற்றுகிற மாதிரி செய்வோம். வாங்குகிறவர்களுக்குச் செலவு குறைவு, நமக்கும் வேலை தொடர்ந்து வரும் என்றாள். என் பிரஷ்ஷில் மாற்றுவதற்கு என்ன இருக்கிறது என்று எரிந்து விழுந்தேன். அவள் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மற்றக் கடைகளும் கைவிட்டபோது, இரண்டு வருச ஒப்பந்தத்தில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பினாள். இருப்பதிலேயே இறுக்கமாக ஒரு பிரஷ் முறுக்கிக் கொடுத்தேன். பையில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

“இது தேஞ்சதும் வந்துடுறேங்க.”

அவள் போன பிறகுதான் அவள் சொன்னபடி செய்து பார்த்தேன். இப்போது மாற்று முனை கேட்டு அந்த நாவுலைக் கடைக்கார அம்மாவே போன் எடுக்கிறார். நாலந்தாவிலிருந்தும் கேட்கிறார்கள். தொழில் நிமிர்ந்துவிட்டது. யோசனைக்குச் சொந்தக்காரிதான் பக்கத்தில் இல்லை. நான் நறுக்கும் தும்பு ஏறுக்குமாறாகத்தான் வருகிறது. ஏனென்று கேட்க ஆளில்லாமல் வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஒப்பந்தத்தில் பாதிதான் கழிந்திருக்கிறது. போன வெள்ளிக்கிழமை வீடியோவில் பேசும்போது, பிரஷ் எப்படி இருக்கிறது என்று விளையாட்டாகக் கேட்டேன். எடுத்து வந்து காட்டினாள். ஒரு இழை உதிரவில்லை.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“சட்டி மட்டும் இல்லீங்க, தரை, செவரு, பாத்ரூம் எல்லாத்தையும் இதாலதான் தேய்க்கிறேன். தேய மாட்டேங்குது.”