காம்ப்-ஆஃபில் ஒரு நெய் தோசை

போன சனிக்கிழமை டாக்டர் கிளினிக்கில் என் கணவர் எடை மெஷினில் ஏறி நின்றார். இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார். பர்ஸ், செல்போன், கழுத்தில் தொங்கிய ஆபீஸ் ஐடி கார்டு எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிட்டு இன்னொரு முறை ஏறினார். முள் இரக்கம் காட்டவில்லை. மூன்று மாதத்துக்கு முன்பு இருந்ததைவிட ஒன்றரை கிலோ கூடுதல்.

இந்த மூன்று மாதமும் அவர் உடற்பயிற்சி செய்தார். சத்தியமாகச் செய்தார், நானே சாட்சி. அப்புறம் எப்படி...?

அவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. எடையைக் குறைத்தால் மாத்திரை வேண்டாம், குறைக்காவிட்டால் ஆரம்பிக்க வேண்டியதுதான் என்று டாக்டர் கெடு வைத்திருந்தார். திருச்சியில் இருக்கும் என் மச்சினர், அதாவது இவருடைய அண்ணன், மாத்திரையில் ஆரம்பித்தவர்தான். இப்போது தினமும் ஊசி. இவருக்கு ஊசி என்றால் பயம். எனக்கு ஊசிக்கு அப்புறம் என்ன என்று பயம். எங்கள் பெண் இரண்டாம் வகுப்புதான் படிக்கிறாள்.

அதனால்தான் கச்சிபௌலியில் அவருடைய ஆபீஸ் ஜிம்மில் சேர்ந்தார். அங்கே ஒரு டிரெட்மில். ஓடி முடித்ததும், இத்தனை கலோரி எரித்தீர்கள் என்று சிவப்பு எழுத்தில் பாராட்டும். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சாஃப்ட்வேர்காரரைக் கட்டிக்கொண்டவர்களுக்குக் காம்ப்-ஆஃப் தெரியும். லீவு நாளில் ஆபீசுக்கு இழுத்து வேலை வாங்கினால், பதிலுக்கு வேறொரு நாள் லீவு எடுத்துக்கொள்ளலாம். என்னவர் இந்தச் சட்டத்தை அப்படியே வயிற்றுக்குக் கொண்டுவந்துவிட்டார். மெஷின் காட்டிய கலோரியைத் திருப்பிச் சாப்பிடுவது அவருடைய உரிமையாம். திங்கட்கிழமை ஓடியதற்கு ஒரு நெய் தோசை. மற்ற நாட்கள் ஓடியதைச் சேர்த்து வைத்து வெள்ளிக்கிழமை டீம் லஞ்சில் பிரியாணி. சில வாரம் பிரியாணி முதலில், ஓட்டம் பிறகு – அது அட்வான்ஸ் லீவு.

ஞாயிற்றுக்கிழமை ஜிம் கிடையாது. குகட்பள்ளியில் எங்கள் காலனி பார்க்கைச் சுற்றி இருவரும் நடப்போம். பார்க் வாசலில் தோசை வண்டி. நடை ஒவ்வொரு வாரமும் அங்கேதான் முடியும் என்பதில் அவருக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

"ஏங்க, எரிச்சதை எல்லாம் திருப்பிச் சாப்பிட்டா, எதுக்கு எரிக்கணும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

போனதும் வந்ததும் சரியாகிவிட்டால் எடை ஏற வாய்ப்பே இல்லை என்று விளக்கினார். அவர் எஞ்சினியரிங். நான் பி.ஏ. வரலாறு.

டாக்டரம்மா பல தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். அவர் பேசும் தமிழில் அந்த ஊர் இந்தி தாராளமாகக் கலந்திருக்கும். அன்று கிளினிக்கில் என்னவர் காம்ப்-ஆஃப் திட்டத்தை ஆதியோடந்தமாகச் சொன்னார். டாக்டரம்மா சிரிக்காமல் கேட்டார். அதுவே பெரிய விஷயம்.

"ஹவ், சரிதான், நிஜமா பசிச்சா கொஞ்சம் சாப்பிடுங்க, யாரு வேணாம்னாங்க? மணிக்கணக்கா ஓடறவங்க சேர்த்துத்தான் சாப்பிடணும். நீங்க ஓடறது அரை மணி. மெஷின் குத்துமதிப்பா ஒண்ணு சொல்லுது, அதையும் கூட்டித்தான் சொல்லும். தோசைக்காரன் எவ்வளவு நெய் ஊத்தறான்னு சொல்ல மெஷினே இல்ல. கைக்கு, எதுக்கு சார் இதை நம்பறீங்க?"

பாதியாவது சாங்ஷன் ஆகுமா என்று என்னவர் கேட்டார்.

"காம்ப்-ஆஃப்னா மேனேஜர் அப்ரூவ் பண்ணணும்ல? உங்களுக்கு யாரு பண்ணாங்க?"

ஆபீசில் இவரே மேனேஜர்தான். டீமில் யார் காம்ப்-ஆஃப் கேட்டாலும், ப்ராஜெக்ட் முடியட்டும் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிற ஆள்.

மாத்திரை எழுத எடுத்த பேனாவை டாக்டரம்மா மூடி வைத்தார். இன்னும் ஒரு மாதம், அவ்வளவுதான் என்றார்.

மறுநாள் ஞாயிறு. பார்க்கைச் சுற்றி முடித்தோம். தூரத்தில் எங்களைப் பார்த்ததுமே தோசைக்காரர் கல்லில் தண்ணீர் தெளித்து, மாவைக் கரண்டியில் எடுத்துவிட்டார். என்னவர் வண்டியைத் தாண்டினார். நின்றார். திரும்பிப் பார்த்தார். போச்சுடா என்று நினைத்தேன்.

வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

தோசைக்காரருக்கு முகமே மாறிவிட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏமைந்தி மேடம், சார்கி ஒண்ட்லோ பாகலேதா?" என்று தெலுங்கில் விசாரித்தார். சாருக்கு உடம்பு சரியில்லையா என்று நிஜமான கவலையோடு கேட்கிறார்.

மூன்று மாதமாக இவர் அங்கே நின்று தோசை தின்றபோது, ஒருத்தரும் கேட்காத கேள்வி.