என் கையெழுத்து இல்லாத மாலை

பிற்பகல் மூன்று நாற்பது. பட்டாபிராமில் ஒரு காலி மனையில் நின்று, வங்கியின் மதிப்பீட்டாளர் வருகிறாரா என்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொரட்டூரில் என் மகளுக்குப் பள்ளி விட்டிருக்கும். அவளுக்கு ஏழு வயது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கடையும் கிடங்கும் கட்டுகிறவர்களுக்கு வங்கிக் கடன் வாங்க வழிசெய்யும் ஆலோசகராகக் காலூன்ற முயன்றுகொண்டிருந்தேன். மதிப்பீட்டாளர் வரும்போது நான் இல்லையென்றால், “அந்தம்மாவுக்கு ஊட்டு வேலதான் சரி” என்று பேச்சு கிளம்பும். அதனால் நகரவில்லை. கணவருக்கு ஆவடியில் மதிய ஷிப்ட்.

எதிரிலிருந்த பூத்திலிருந்து எங்கள் தெருமுனை டீக்கடைக்குப் போன் செய்து, தெரிந்த ஆட்டோக்காரரைக் கூப்பிட்டேன்.

“நான் இட்டாந்துர்றேன் மேடம், நீங்க வேலையப் பாருங்க” என்றார்.

நானும் வேலையைப் பார்த்தேன். நாலரைக்கு வந்த மதிப்பீட்டாளருக்கு எல்லைக் கற்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். நான் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் யார் கேட்டாலும் அசல் பத்திரத்தைத் தரக் கூடாது என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லி, அதையே மகளுக்கும் விதியாக்கியிருந்தேன். நான் வராத நாளில், சீட்டோடு வருகிறவருடன் மட்டுமே அவள் போகலாம்.

ஆறரைக்கு வந்து பார்த்தால் வீடு பூட்டியே கிடந்தது; பக்கத்து வீட்டிலும் அவள் இல்லை. ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

“பாப்பா வரவே மாட்டேன்னுட்ச்சு மேடம். அம்மா சீட்டு எங்கன்னு கேக்குது, ரிஜிஸ்டர் ஆபீஸ் கணக்கா! வாட்ச்மேனாண்ட சொல்ட்டுதான் சவாரிக்குப் போனேன்.”

பள்ளி கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேனைக் காணவில்லை. கம்பிகளைப் பிடித்துக்கொண்டு அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பள்ளிக்குப் பின்னாலிருந்த ஏரிப் பக்கம் திரும்பிப் பார்க்கவே துணிவு வரவில்லை. அந்த மனைக்குக் கடன் கிடைத்தது; பிறகு எத்தனையோ பேருக்கு வாங்கிக் கொடுத்தேன். பின்னாளில் அவள் கல்லூரியிலிருந்து ஐந்து நிமிடம் தாமதமாக வந்தாலும் தெருமுனைக்கு ஓடிவிடுவேன்.

அன்று, கேட்டுக்கு உள்ளேயிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. பள்ளி ஆயா, சாவிக் கொத்தோடு. அவர் முந்தானையைப் பிடித்தபடி என் மகள். கேட் திறந்தும் அவள் என்னிடம் வரவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

“என் ஊட்டுக்குக் கூப்ட்டாலும் வர்ல. அதான் நானும் கூடவே குந்திகினு கீறேன்” என்றார் ஆயா. “புள்ள பசியோட கீது. மொதல்ல சோறு போடு. அப்பால அழுவலாம்.”